வரப்போரத்து நாலு வரிசை

பூச்சிச் சாமியின் மடத்துக்குள் அன்று அங்கமுத்து கும்பிடு போடாமலே நுழைந்தார்.

"உங்க வரப்போரத்து நாலு வரிசைப் பருத்தியை நாளைக்கு வெட்டிப்புடப் போறேன் சாமி."

சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அங்கமுத்து சீடராகிப் பன்னிரண்டு வருஷமாகியும், சாமி அவரை அண்ணே என்றுதான் அழைப்பார்.

"வெட்டுங்கண்ணே. என்ன கோபம்?"

"மூணு ஏக்கர் பருத்தி. எந்தக் காயை உடைச்சாலும் சிவப்புப் புழு நெளியுது. அது எங்க வளருதுன்னு ஊருக்கே தெரியும்."

ஊரில் எல்லோரும் போடுவது புழுக்கொல்லி விதை. செடிக்குள்ளேயே நஞ்சு இருக்கும். கடித்த புழு சாகும். கூடவே சாதாப் பருத்தி விதை ஒரு சின்னப் பொட்டலம் வரும், வயலைச் சுற்றி நட. "புழுவுக்குப் பந்தி போடவா?" என்று அதை வாய்க்கால் கரையில் முதலில் வீசியவர் அங்கமுத்துதான். ஊரும் வீசியது. சாமி பொறுக்கி வந்து மடத்து வரப்போரம் நாலு வரிசை நட்டார். நாலைந்து வருஷம் புழு செத்தது. பிறகு சாகவில்லை.

"புழுவோட இவ்வளவு பகையா? அதுக்கு உங்க பேராவது தெரியுமாண்ணே?"

"பேரு தெரியாது. என் பருத்தி ருசி தெரியும்."

சாமி சிரித்தார். "விடியறதுக்கு முந்தி வாங்க. பார்த்துட்டு வெட்டலாம்."

விடிவெள்ளி முளைத்த நேரம் இருவரும் வரப்பில் குந்தினார்கள். அங்கமுத்துவின் வயலிலிருந்து, அந்தச் சிவப்புப் புழு வளர்ந்து ஆன அரிசி அளவு ஆண் அந்துப்பூச்சிகள் எழுந்தன. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியவில்லை. இருட்டுக்கே இறகு முளைத்த மாதிரி அத்தனையும் வரப்பைத் தாண்டிப் போய், சாதாச் செடிகளில் காத்திருந்த பெண் பூச்சிகளோடு சேர்ந்தன. அறுபது வருஷம் அந்த வரப்பில் நடந்தவர் இதைக் கண்டதில்லை. மூச்சு விடவே கூச்சமாக இருந்தது அவருக்கு.

அதில் ஒரு ஜோடியைச் சாமி ஒரு பானைக்குள் விட்டார். அங்கமுத்துவின் வயலுக்குள்ளேயே சேர்ந்திருந்த ஒரு ஜோடியை இன்னொரு பானைக்குள் விட்டார். இரண்டிலும் அங்கமுத்துவின் செடியில் பறித்த பிஞ்சுகளைப் போட்டுத் துணியால் கட்டினார்.

"பத்து நாள் பொறுங்க."

பத்தாம் நாள் அங்கமுத்துவே அவிழ்த்தார். வயல் ஜோடியின் குஞ்சுப் புழுக்கள் பிஞ்சைத் துளைத்து உள்ளே போயிருந்தன. மற்றப் பானையில் எள்முனை அளவுப் புழுக்கள், கடித்த இடத்திலேயே செத்துக் கிடந்தன.



"ரெண்டு பானைக்கும் தகப்பன் என் வயல்காரன்தானே சாமி?"

"ஆமாண்ணே."

"என் நஞ்சைத் தின்னும் சாகாதவன்."

"ஆமா."

"அவன் பிள்ளை எப்படிச் செத்துச்சு?"

"தாய் இந்தப் பக்கத்துக்காரி. சாகாத குணம் தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் பிள்ளை பிழைக்கும்."

அங்கமுத்து எழுந்து போய் அந்தச் செடிகளுக்கு முன்னால் நின்றார்.

"நாலு வரிசை ஊருக்குப் போதாதே சாமி."

"போதாதுண்ணே. சாகாததை ஊரே சேர்ந்து வளர்த்துச்சு. சாகத் தெரிஞ்சதை வளர்க்க நான் ஒருத்தன்தானே."