முகிலன் மரம்

"அக்கா, முகிலன் மரம் செத்துப்போச்சு," என்றார் ஆரோக்கியம்.

வேப்பமரத்தில் யாரோ விளம்பரத் தட்டிக்கு அடித்திருந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் பவுனு. திரும்பவில்லை.

நகரத்துத் தெருக்களில் மரம் வைக்கிற கூட்டத்துக்கு அவள்தான் குரு. ஆரோக்கியம் அவளைவிட இருபது வயசு மூத்தவர். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். இருந்தும் அவருக்கும் அவள் அக்காதான்.

"அது ஏற்கெனவே ஒருதடவை செத்துச்சுக்கா. மாடு மேஞ்சிருச்சு. அவங்கம்மா பார்த்தா தாங்கமாட்டாளேன்னு, அதே உயரத்துல ஒரு பூவரசங்கன்னு வாங்கி, விடியிறதுக்குள்ள வச்சிட்டேன்."

"களவாணித்தனம்."

"ஆமா."

அந்த மரம் நின்ற தெருமுக்கில் லாரி மோதித்தான் முகிலன் செத்துப்போனான். எட்டு வயசு. அவன் விழுந்த இடத்தில் கூட்டத்தார் கன்று வைத்துக் கம்பிக்கூண்டு போட்டார்கள். தாய் பேச்சியம்மாள் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளையிடம் பேசுவதுபோல அதனிடம் பேசுவாள்.

"இப்ப உண்மையைச் சொல்லவா, இன்னொன்னை வைக்கவா? நீங்க சொல்றபடி செய்றேன்."

ஆணி கையோடு வந்தது. பவுனு அதை டப்பாவில் போட்டாள்.

"செத்ததை முதல்ல எடுப்போம். கடப்பாரையை எடுங்க, கண்டக்டரே."

"இப்பவா? பட்டப்பகல்ல? அவ வாசல்லயே உட்கார்ந்திருப்பாளேக்கா!"

"டிக்கெட் கிழிச்சப்புறம் ஆளை இறக்கிவிடுவீங்களா? நடங்க."

ஒரு புதுக் கன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளும் நடந்தாள்.

பேச்சியம்மாள் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். கூண்டைத் தூக்குவதைப் பார்த்ததும் நாரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

ஆரோக்கியம் அவளை ஏறிட்டுப் பார்க்காமலே தோண்டினார்.

கன்று வந்தது. அடியில் கறுப்புக் கவர். நர்சரியில் கொடுத்தது கொடுத்தபடி, ஒரு கிழிசல் இல்லை. உள்ளே வேரெல்லாம் வெளியே போக வழியில்லாமல், நூல்கண்டு மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அழுகியிருந்தது.

"நான் கவரைக் கிழிச்சுட்டுத்தானே வச்சேன்!"

வாய் தவறி வந்துவிட்டது.

"அது நீங்க வச்சது இல்லைண்ணே," என்றாள் பேச்சியம்மாள்.

கடப்பாரை அப்படியே நின்றது.

"நீங்க மக வீட்டுக்குப் போயிருந்தீங்கள்ல, அப்ப ஒரு வேன்காரன் இடிச்சு உங்க கன்னு முறிஞ்சிருச்சு. வந்து பார்த்தா மனசு ஒடைஞ்சிருவீங்களேன்னு, நான்தான் ஒண்ணு வாங்கி வச்சேன்."

"என்னோடது... அது வேற கன்னுன்னு உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"அவனுக்கு ஒம்பது இலை. உங்களுதுக்குப் பதினொண்ணு."

ஆரோக்கியம் மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கவரை ஏம்மா கிழிக்கலை?" என்று கேட்டாள் பவுனு.

"கிழிச்சா மண்ணு உதிர்ந்து வேர் அந்துபோகுமேன்னு... அதுக்கு வலிக்கும்ல."

ஒரு பஸ் விசிலடித்துக்கொண்டு போனது.

பவுனு புதுக் கன்றைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தாள். முந்தானையில் முடிந்திருந்த பிளேடை எடுத்து நீட்டினாள்.

பேச்சியம்மாள் கன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்காதாக்கா?"

"வலிக்கும்."