நாற்பது அடி தூரத்து முத்திரை

வெண்குன்ற நாட்டை வெகுகாலத்துக்கு முன் கடம்பவழுதி என்றோர் அரசன் ஆண்டான். ஆண்டான் என்பதைவிட அமர்ந்திருந்தான் என்பதே சரி. நாற்பத்தைந்து வயதிலேயே மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது, பாதம் மரத்தது. அவன் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்ட மருத்துவர், “எழுந்து நடவுங்கள், அரசே. இப்படியே அமர்ந்திருந்தால் இதயம் தாங்காது” என்றார்.

“என்னை நடக்கச் சொல்பவர் எல்லை தாண்டி நடக்கட்டும்” என்று அவரை நாடு கடத்தினான் அரசன்.

அமைச்சர் அம்பலக்கூத்தர் கலங்கினார். பட்டத்துக்குரிய பிள்ளையோ தொட்டிலில் இருந்தது. மறுநாள் அவையில், அரியணையருகே இருந்த அரச முத்திரையை ஒட்டி வேண்டுமென்றே முழங்கையை ஊன்றி நின்றார். அவர் பதவிக்கு ஏங்கிய பல்லவரையர் அதைப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும்.

“அரசே, அமைச்சரின் முழங்கை முத்திரையோடு உறவாடுகிறது. நாளை கையும் உறவாடும்” என்றார் பல்லவரையர்.

“ஐயம் நியாயமானது” என்றார் அமைச்சர். “எனக்கு எட்டாத இடத்தைப் பல்லவரையரே சொல்லட்டும்.”

“மண்டபக் கோடியில் இருக்கும் மாடம். நாற்பது அடி. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும், முத்திரை அங்கிருந்து அசையக் கூடாது. ஓலையோடு ஓடி ஓடி அமைச்சரின் கால் தேயட்டும்.”

அரசன் சிரித்து ஆணையிட்டான். முத்திரையைத் தொடாமல் பீடத்தோடு தூக்கிச் சென்று மாடத்தில் வைத்தார்கள். முதல் ஓலை வந்தது.

“யாராவது முத்திரையிட்டு வாருங்கள்.”

ஒருவரும் அசையவில்லை. “தங்கள் பாட்டனார் கட்டளை, அரசே. தங்கள் கையன்றி வேறு கை தொட்டால், அந்தக் கை வெட்டப்படும்” என்றார் அமைச்சர்.

அரசன் பல்லவரையரைப் பார்த்தான். அவர் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தார். அரசன் எழுந்தான்.

“ஓலைகளை மொத்தமாகத் தரலாகாதா?”

“வழக்கு முடிய முடியத்தானே, அரசே, ஓலை வரும்?”

நாழிகைக்கு ஒன்று வந்தது. முதல் வாரம் திட்டிக்கொண்டே நடந்தான். பிறகு திட்ட மறந்தான். மண்டலம் முடிந்த நாளில் அரைக்கச்சை இரண்டு விரற்கடை தளர்ந்திருக்க, கோட்டைப் படிகளில் துணையின்றி ஏறித் திரும்பிப் பார்த்தான். பல்லவரையர் மூன்றாம் படியில் மூச்சு வாங்கி நின்றார்.

“அமைச்சரே, நீர் என்னை நடக்கச் சொல்லவே இல்லையே.”

“நடக்க வைத்தவர் பல்லவரையர், அரசே. தண்டனை அவருக்குத்தான்.”

“எல்லை வரை வேண்டாம், மாடம் வரை போதும். பல்லவரையரே, இனி ஒவ்வோர் ஓலைக்கும் எனக்கு முன்னே நடப்பீர். அமைச்சரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?”

“மருத்துவரைத் திரும்ப அழையுங்கள்.”

அரசன் வெட்கத்தோடு தன் பல்லக்கையே அனுப்பினான். மருத்துவர் வந்தார், நடந்தே வந்தார். வெறும் பல்லக்கு அவர் பின்னால் வந்தது.