ஆடி மாதத்து ஊசிவால் வாத்து

"சாமி, எங்கம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

காலையில் வந்ததும் வராததுமாகச் சிகாமணி இப்படித்தான் ஆரம்பித்தார்.

குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. குரு சீடரை "அண்ணே" என்பார், சீடர் குருவை "சாமி" என்பார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, ஊருக்கு வேறு என்ன வேலை?

"எது தெரியுமா அண்ணே?"

"நான் பொய் சொல்றது."

குரு முறத்தைக் கீழே வைத்தார்.

சிகாமணியின் அம்மா பங்கஜவல்லி அந்த ஊருக்கு நர்ஸாக இருந்தவள். சுற்று வட்டாரத்துக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்க ஏரிக்கரை மேலேயே நடந்து போவாள், நடந்து வருவாள். போகிற வழியில் பறவை பார்க்கிற பித்துப் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷம் ஒரு நோட்டில் எழுதி வந்தாள். என்ன பறவை, எந்தத் தேதி, எத்தனை. அதில் ஒரு வரி பொய் கிடையாது. சந்தேகமாக இருந்தால் எழுதவே மாட்டாள்.

பிறகு சர்க்கரை வியாதி வந்து அவள் கண் இரண்டும் போயின.

அன்றிலிருந்து மகன் பார்த்துவிட்டு வந்து சொல்வான், அவள் கேட்பாள், அவன் நோட்டில் எழுதுவான். இது சாயங்காலத்து வழக்கம்.

"ரெண்டு வருஷமா மழை இல்ல சாமி. ஏரி காஞ்சு போச்சு. மொத நாள் உண்மையத்தான் சொன்னேன். ஒண்ணும் இல்லம்மான்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. ராத்திரி சாப்பிடல. மறுநாளும் சாப்பிடல. மூணாவது நாள் மனசு கேக்காம, ஒரு கூழைக்கடா வந்திருக்குன்னு சொல்லிட்டேன். எழுந்து உக்காந்து மூணு தோசை தின்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தெனமும் ஒரு பறவை. டவுனுக்குப் போய்ப் புத்தகம் வாங்கினேன். ராப்பகலா உக்காந்து படிச்சேன். எது எப்படி நடக்கும், எப்படி இரை தேடும், எல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சுட்டுப் போய்ச் சொல்வேன். அதை அவ நோட்டுலயும் எழுதினேன். என் கையாலேயே."

"சரி."

"நேத்து வாய் தவறிடுச்சு. ஊசிவால் வாத்து ஏழு வந்திருக்குன்னு சொல்லிட்டேன்."

"வந்தா என்ன?"

"என்ன சாமி இப்படிக் கேக்கறீங்க! இது ஆடி மாசம். ஊசிவால் வாத்து மழைக்காலம் வந்தாத்தான் நம்ம பக்கம் எட்டிப் பாக்கும். பங்குனியில கெளம்பிடும். ஆடியில அதைப் பாத்தேன்னு எவனாவது சொன்னா, எங்கம்மா அந்தக் காலத்துல வெளக்குமாத்தை எடுத்திருப்பா."

"நேத்து எடுத்தாங்களா?"

"இல்ல. 'அப்படியா? ஏழா? எழுதிக்கோ'ன்னா. அவ்வளவுதான்."



"தெரிஞ்சுதான் அவ சும்மா இருந்தாள்னா, என் மானம் போச்சு சாமி. தெரியாமத்தான் சும்மா இருந்தாள்னா, எங்கம்மாவோட புத்தி போச்சு. எது போயிருந்தாலும் எனக்குத் தாங்காது. நீங்கதான் சொல்லணும். தெரியுமா, தெரியாதா?"

குரு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். சிகாமணியின் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"என்ன சாமி இது?"

"சும்மா உக்காருங்க."

உட்காரவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளோடு தோள் இடிக்கிற நெருக்கம்.

"அண்ணே, இந்த மாமரத்துல ஒரு குயில் கூடு கட்டுது."

சிகாமணியின் வாய் துறுதுறுத்தது.

"அப்படியா சாமி?"

"ஆமா. சுள்ளி பொறுக்குது. பாவம், ஒத்தையா கஷ்டப்படுது."

"அடடா."

"கெணத்து மேட்டுல மீன்கொத்தி உக்காந்து வேப்பம்பழம் தின்னுது."

"பசியா இருக்கும் சாமி."

"வேலிக்கு அந்தாண்ட பொட்டை மயில் ஒண்ணு தோகை விரிச்சு ஆடுது. அம்மாடி, எம்மாம் பெரிய தோகை!"

"பாக்க அழகா இருக்குமே."

இப்படியே போயிற்று. நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனுஷர், அன்றைக்கு மூச்சு விடாமல் அளந்துவிட்டார். காக்கை பாடியது, கொக்கு புல் மேய்ந்தது. சிகாமணி எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார். நடுவில் இரண்டு முறை சிரிப்பு வந்தது. இருமி மறைத்துக்கொண்டார்.

வெயில் உச்சி தாண்டிச் சாய ஆரம்பித்ததும் குரு துண்டை அவிழ்த்தார்.

மாமரத்தில் ஒன்றும் இல்லை. கிணற்று மேட்டில் ஒன்றும் இல்லை.

"குயில் கூடு கட்டுமா அண்ணே?"

"கட்டாது சாமி. காக்கா கூட்டுலதான் முட்டை போடும். அது சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே."

"பின்ன ஏன் 'அப்படியா'ன்னு கேட்டீங்க?"

சிகாமணி தலையைச் சொறிந்தார்.

"மூணு வருஷமா உங்ககிட்ட வர்றேன். ஒரு நாளாவது நீங்க என் பக்கத்துல இப்படி உக்காந்து பேசினது உண்டா சாமி? நான் பாட்டுக்குக் குறுக்க பேசி, அது தப்பு இது தப்புன்னு சொன்னா, நீங்க எழுந்து போயிடுவீங்களோன்னு..."



குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முறத்தை மடிக்கு இழுத்தார். இன்னும் பாதி அரிசி பாக்கி இருந்தது.

சிகாமணி சாப்பிடக்கூட இல்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

பங்கஜவல்லி ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா, இன்னைக்கு சாயங்காலத்துக்கு முன்னாடியே வந்துட்டே? என்ன வந்திருக்கு ஏரியில?"

"அம்மா, ஆடியில ஊசிவால் வாத்து வராதும்மா."

"வராது."

"உனக்குத் தெரியுமா?"

"இந்த மாசம் அது இமயமலைக்கு அந்தப் பக்கம் குஞ்சும் குளுவானுமா இருக்கும். இங்க வந்து என்ன பண்ணும்?"

சிகாமணிக்குக் காது மடல் சுட்டது.

"அப்போ மத்ததெல்லாம்?"

"மொதக் கூழைக்கடாவே பொய்னு தெரியும்டா. ஓட்டு மேல மழை விழுந்த சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு? தண்ணி இல்லாத ஏரிக்குக் கூழைக்கடா எதுக்கு வரும், சாமி கும்பிடவா?"

"தெரிஞ்சும் ஏம்மா என்னை எழுதவிட்டே? உன் நோட்டும்மா அது! முப்பது வருஷத்து நோட்டு. அதுல போய்ப் பொய்யை எழுதி வச்சிருக்கேனே!"

 அவள் மகன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"சின்ன வயசுல உன்னை எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன்? வாடா, கரைக்குப் போலாம் வாடா, நாமக்கோழி வந்திருக்கு வாடான்னு. கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம். ஒரு நாள் வந்தியா? 'போம்மா, உனக்கு வேற வேலை இல்ல'ன்னுட்டு கோலி ஆடப் போயிடுவே."

"போயிருக்கேன்."

"அந்தப் புள்ள இப்போ வந்து உக்காந்து, அரிவாள் மூக்கன் எப்படிச் சேத்துல மூக்கை விட்டுத் துழாவும்னு கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுது. நத்தைகுத்தி நாரைக்கு மூக்கு நடுவுல சந்து இருக்கும்னு எனக்கே பாடம் எடுக்குது. நீ போனப்புறம் எத்தனை நாள் தனியா உக்காந்து அழுதிருக்கேன் தெரியுமா? சந்தோஷத்துலடா. நோட்டு கெட்டா கெட்டுட்டுப் போகட்டும். எனக்குப் புள்ள வந்துட்டான். நான் எந்த வாயால நிறுத்தச் சொல்வேன்?"

சிகாமணி தரையில் உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டார். ஐம்பத்தாறு வயசு ஆள். வாய்விட்டு அழுதார்.

அவள் அழவிட்டாள். பிறகு தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"போதும். இப்போ நிஜத்தைச் சொல்லு. ஏரியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பாத்தியா?"

சிகாமணி தலையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியாடா?"

"ஏரிப்பக்கமே போகலம்மா. ரெண்டு வருஷமா டீக்கடை வரைக்கும்தான் போறேன். காஞ்சு கெடக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. காஞ்ச ஏரியில போய் என்னத்தைப் பாக்கறதுன்னு..."

"அட மடையா! காஞ்சா ஏரி செத்துடுமா? ஆள்காட்டிக்கு வெறுந்தரைதான்டா வீடு. கல்லோட கல்லா முட்டை வச்சிருக்கும், மிதிச்சாத்தான் தெரியும். வானம்பாடி கட்டாந்தரையிலதான் ஓடும். மேல எழும்பிப் பாட ஆரம்பிச்சா எறங்காது. தண்ணி இருந்த வரைக்கும் அதுங்களுக்கு அங்க எடமே இல்ல."

"புத்தகத்துல படிச்சேம்மா. ஆனா..."

"என்ன ஆனா? மணி என்ன?"

"மூணு ஆகப்போகுது."

கண் போன நாளிலிருந்து வாசற்படி தாண்டாதவள், சுவரைத் தடவிப் பிடித்து எழுந்து நின்றாள்.

"கையக் குடு. கரை வரைக்கும் எனக்கு நீ வழி காட்டு. அதுக்கப்புறம் உனக்கு நான் காட்டறேன்."