முழக்கயிறு

மழைக்கு இன்னும் இரண்டொரு நாள்தான் இருக்கும். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. கோடன் தன் தாய் சேந்திக்கு எழுப்பிய கல்லறை மட்டும் மூடியில்லாமல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தியாகிவிட்டது. கிழக்குப் பலகையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. உள்ளே தாழி. தாழிக்குள் அவள் எலும்பும், ஒரு பிடி நெல்லும், அவள் புல்லறுத்த அரிவாளும். மூடுகல் ஏறுவதற்கு முன் முதல் மழை உள்ளே விழுந்துவிட்டால் இறந்தவர் முன்னோரோடு சேரமாட்டார், வீடு தேடி வந்து வாசலிலேயே நிற்பார் என்பது அந்தக் குன்றத்து மக்களின் நம்பிக்கை.

கல் பிளப்பதில் கோடனை மிஞ்ச அங்கே ஒருவர்தான் உண்டு. அவனுடைய ஆசான் அழிசி. ஆசானுக்கு இவனைவிடப் பத்து வயது குறைவு. "நரைத்த சீடன்" என்று ஊர் சிரிக்கும். கோடன் கண்டுகொள்ளமாட்டான். வேலை தெரிந்தவன் காலில் விழுவதற்கு வயசென்ன? ஆனால் வேறு எவனிடமும் அவன் தலை குனிந்ததில்லை.

அன்று காலை ஆசானைக் கூட்டிவந்து தான் செய்த மூடுகல்லைக் காட்டினான். மெல்லிய கல். விளிம்பெல்லாம் நூல் பிடித்தது போல நேர். நடுவில் ஒரு மீன், அதன் கீழ் ஒரு ஏணி. அவர்கள் வீட்டுப் பானைகளில் கீறும் குறி அது.

"நானும் என் எருதும் ஒரு நெம்புகோலும் போதும், ஆசானே. பொழுது சாய்வதற்குள் ஏற்றிவிடுவேன்."

அழிசி கல்லைச் சுற்றி வந்தார். விரலால் சுண்டிப் பார்த்தார்.

"நல்ல கல் அண்ணே. மிளகு அரைக்கலாம்."

"கேலி வேண்டாம். ஆயிரம் மழை கழித்து ஒருத்தன் இந்த வழியாக வருவான். உள்ளே கிடப்பவள் எப்பேர்ப்பட்டவள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் குறி."

அழிசி இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினார். குனிந்து கல்லின் ஒரு முனையைப் பிடித்தார். மூச்சை அடக்கித் தூக்கினார். கல் எழுந்தது. அப்படியே புரட்டிப் போட்டார். மீனும் ஏணியும் மண்ணுக்கடியில் போயின.

"என்னால் முடிகிறது. நாலு நரி கூடினால் நரியாலும் முடியும்." கையைத் தட்டிக்கொண்டார். "எத்தனை வாசலில் கயிறு வைத்தீர்?"

கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாவு விழுந்த வீட்டுக்காரன் நார்க்கயிற்றை முழம் முழமாக வெட்டி, வீட்டுக்கு ஒன்றாக வாசலில் வைக்கவேண்டும். வாய் திறந்து கேட்கக்கூடாது. மனமிருப்பவர்கள் அதை எடுத்து வந்து, கல்லை இழுக்கும் வடத்தில் முடிந்து, அதைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு வீட்டு முழம் குறைந்தாலும் கல் நகராது. அதுதான் வழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன் பிட்டனின் தகப்பன் செத்தபோது கோடன் வாசலிலும் ஒரு முழம் கிடந்தது. ஒரு காளையால் வந்த பகை இருவருக்கும். கோடன் அந்தக் கயிற்றைத் தாண்டிக்கொண்டு மாடு ஓட்டிப் போனான். நான்கு நாள் கழித்துத்தான் திரும்பினான். பிட்டன் வீட்டுக் கல் எப்படி ஏறியது என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

"முப்பது வாசலில் வைக்கிறேன்," என்றான் இப்போது. "அந்த ஒரு வாசலில் குனியமாட்டேன்."

"அப்படியானால் அம்மி போதும்," என்று சொல்லிவிட்டு அழிசி நடந்தார்.

கோடன் கல்லறைப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். துளை வழியாக உள்ளே பார்த்தான். மேகத்தைப் பார்த்தான். உச்சி வெயிலில் எழுந்து கயிறு வெட்டினான்.

முப்பது வாசலும் முடிந்தது. கடைசி முழத்தோடு வந்தபோது பிட்டன் வெளியேதான் உட்கார்ந்து அம்புமுனை தீட்டிக்கொண்டிருந்தான். கோடன் குனிந்து கயிற்றை வைத்தான். முதுகு முறிவது போலிருந்தது.

"யாரது, கோடனா? உனக்குக் கயிறு தாண்டுவதற்கல்லவா?"

கோடன் பேசவில்லை. பேசவும் கூடாது.

"எடுத்துக்கொண்டு போ. உன் முழம் எனக்கு வேண்டாம்."

கோடன் நிமிர்ந்தான். கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான்.

மறுநாள் விடிந்ததும் ஊர் குன்றுச் சரிவில் கூடியது. அங்கே யானை படுத்தது போல ஒரு கல் காத்திருந்தது. சேந்தி இறந்த அன்றே அழிசி அதைப் பிளந்து வைத்திருந்தார். கீழே உருட்டுமரம் போட்டு, கல்லறை வரை இரவோடிரவாக மண்சாய்வு கட்டியிருந்தார்கள். வடத்தில் முப்பது முழம் முடிந்தாயிற்று. எல்லோரும் நின்றார்கள். மேற்கே இடி உருண்டது.

அப்போது பிட்டன் வந்தான். கையில் கறுத்துப்போன ஒரு பழைய முழம்.

"புதுசு வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் பழையது இருக்கிறது," என்றான். கோடன் முகத்துக்கு நேரே அதை நீட்டினான். "தெரிகிறதா? நீ தாண்டிப் போனது. உன் அம்மா எடுத்து வந்து என் அப்பன் கல்லை இழுத்தாள். இரண்டு தடவை விழுந்தாள். விடு கிழவி என்றேன். 'என் வீட்டு முழம்டா இது, நீ யார் விடச்சொல்ல' என்று என்னையே ஏசினாள்."

கோடன் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

பிட்டன் அதை வடத்தின் முன்தலையில் முடிந்தான். "பிடி. உனக்குப் பாதி, எனக்குப் பாதி. இன்றைக்காவது மாடு ஓட்டிக்கொண்டு போய்விடாதே."

பிட்டன் குரல் கொடுத்தான். முப்பத்தோரு வீடும் ஒரே குரலாகத் திருப்பிக் கொடுத்தது. கல் முனகியது, அசைந்தது, ஏறியது. பாதியில் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினாள்: "உயிரோடு இருந்தபோது இத்தனை கனமா இருந்தாளா சேந்தி!" சிரிப்பில் பிடி நழுவப் பார்த்தது. நழுவவில்லை. உச்சியில் ஏறிக் கல் உட்கார்ந்தபோது தரை அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். கோடன் உள்ளங்கை கிழிந்து, நெஞ்சு நிமிர்ந்து நின்றான்.

மழை வந்துவிட்டது. ஒருவரும் ஒதுங்கவில்லை.

கோடன் இடுப்பிலிருந்து உளியை எடுத்தான்.

"ஆசானே, குறியை எந்தப் பக்கம் போடட்டும்?"

"எதற்கு?"

"ஆயிரம் மழை கழித்து வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?"

அழிசி ஈரக் கல்லின் மேல் கையை வைத்தார்.

"முதலில் அவன் இதைத் தூக்கிப் பார்ப்பான், அண்ணே. அப்போதே தெரிந்துவிடும்."