கதவில் ஏறிய செண்பகம்

யானையின் எடையை எடைமேடைதான் தீர்மானிக்கிறது என்று உலகம் நம்புகிறது. இது பெரும்பிழை, தாளின் அகலமும் தீர்மானிக்கும்.

கோயில் தர்மகர்த்தா, மாதாமாதம் எடை ஏறுவதைக் காட்டும் இரண்டு வரைபடக் கோடுகளைக் காட்டினார். சுவரில், குறுகிய தாளில், அவர் மைத்துனர் வளர்க்கும் பக்கத்து ஊர் யானையின் கோடு செங்குத்தாக ஏறியது. கதவில், அதே மாதங்களை அகலப் பரப்பிய தாளில், பாகன் வேலாண்டி வளர்க்கும் கோயில் யானை செண்பகத்துடைய கோடு படுத்துக் கிடந்தது.

“பட்டினி போடுறியாடா? நாளையிலேருந்து என் மச்சான்தான் பாகன்.”

வேலாண்டி மெல்லக் கதவைத் திறந்தான். சாய்ந்து தெரிந்த தாளின் அகலம் சுருங்க, செண்பகத்தின் கோடு விறுவிறுவென நிமிர்ந்தது.

“சாமி, இப்ப நான் என்ன தீனி போட்டேன்? தாளோரத்துல இருக்கிற எண்ணைப் படிக்கச் சொல்லுங்க.”

கோயில் கணக்கர் தயங்கித் தயங்கிப் படித்தார்: மாதத்துக்குச் செண்பகம் ஏறியது முப்பது கிலோ, மற்றது இருபது.

செண்பகத்துக்கென்று மைத்துனர் வாங்கியிருந்த புது அங்குசம் அன்று மாலையே கடைக்குத் திரும்பிப் போனது.