குளத்தில் இறங்காத மெத்தை

புது மெத்தை வந்த நாளிலிருந்து ஜமீன்தாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"இது இலவம்பஞ்சே இல்லீங்க எசமான். வெயில்ல போடத் தூக்கினா நெல்லு மூட்டையாட்டம் கனக்குது. கழிவுப்பஞ்சா இருக்கும்" என்றாள், அரண்மனையில் மெத்தை உதறும் சடைச்சி.

விற்ற வியாபாரி சிங்காரவேலுவைக் கூப்பிட்டார்கள். "அசல் இலவம்பஞ்சு. தையலைப் பிரிச்சா மட்டும் திருப்பி எடுக்க மாட்டேன்" என்றார் அவர், மீசையை நீவிக்கொண்டே.

ஜமீன்தார் சடைச்சியிடம் திரும்பினார். "ஒரு தையல்கூடப் பிரியாம உள்ளே இருக்கிறதைக் காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ."

சடைச்சி அசரவில்லை. "இலவம்பஞ்சு தண்ணியில முங்காதாமே, மொதலாளி?"

"முங்கவே முங்காது. ஆளே ஏறிப் படுத்தாலும் அக்கரை சேர்த்துடும்" என்று அளந்தார் வியாபாரி.

"அப்ப குளத்துல போடுவோம். நீங்களே ஏறிப் படுங்க."

நாலு பேர் மெத்தையைக் குளக்கரைக்குத் தூக்கிவந்தார்கள். வியாபாரி இரண்டடி பின்வாங்கினார்.

"எனக்கு நீச்சல் தெரியாதே" என்று முனகினார்.

"இலவம்பஞ்சுல படுக்க எதுக்குங்க நீச்சல்?" என்றாள் சடைச்சி.

முதுகுவலியையும் மறந்து சிரித்தார் ஜமீன்தார். மெத்தை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் வியாபாரியின் வண்டியில் ஏறியது.