ஓல்சன் மாமா அடித்த கோல்

தீர்ப்புச் சொல்லும் ஆசை உள்ளவர்கள் இதைக் கேட்கலாம். பாதியில் மட்டும் முந்திக்கொள்ளாதீர்கள். கோவில்பட்டியில் சிலர் அப்படி முந்திக்கொண்டு மூக்குடைபட்டிருக்கிறார்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஹாக்கி மட்டையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐஸ் மேல் ஆடும் ஹாக்கியை ஊர் கண்டதில்லை. ஐஸ் என்றால் மீன் பெட்டியில் போடுவது. அப்படிப்பட்ட ஊரில், ஓர் அச்சகத்து மாடியில், ஞாயிறு காலைதோறும் ஆறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஐஸ் ஹாக்கி லீக் நடத்தினார்கள். ஆளுக்கு ஓர் அணி. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை. பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் பார்த்தால் அவன் கோல் அடித்தானா, கோட்டைவிட்டானா என்று தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் வியர்வை சொட்டச் சொட்டப் பனியில் சறுக்கினார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஜெயசிங்குக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. பதினோரு வருடம் ஆடியும் அவன் கோப்பையைத் தொட்டதில்லை. கோப்பை என்றால் ஓர் எவர்சில்வர் கூஜா, அவ்வளவுதான். இந்த வருடம் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தான். எதிரணி சங்கரலிங்கத்துடையது. பள்ளிக்கூட நாளிலிருந்து தோள்மேல் கைபோட்டுத் திரிந்த நண்பன்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஜெயசிங் தன் மனைவி ரோஸ்லினை ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது.

அதற்கும் லீகில் வழி இருந்தது. வர முடியாதவன் தன் உத்தரவுகளை எழுதி மடித்துக் கொடுத்துவிடுவான். அவனுக்கும் சேர்த்துப் பகடை உருட்டுவது எதிராளி. ஆமாம், எதிராளியேதான். அவன் கையில் அணியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பதே இவர்களுடைய கர்வம். கடிதத்தை மீறக் கூடாது. மேஜையில் அட்டை இல்லாதவன் களத்திலும் இல்லை. அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். கணக்கு எழுதுவது ஆறு பேரில் ஒருவரான விளையாட்டு டீச்சர் பொன்னுத்தாய். பகடை விழுந்த பிறகுதான் அவர் பேனாவைத் திறப்பார்.

கிளம்புகிற அவசரத்தில் ஜெயசிங் மாடிக்கு ஓடினான். பதினேழாம் நம்பர் ஓல்சனின் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே எழுதினான்: கடைசி இரண்டு நிமிடத்தில் பின்தங்கியிருந்தால் ஓல்சனை இறக்கு. அவர்கள் அவனை ஓல்சன் மாமா என்பார்கள்.

ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரிக்குச் சங்கரலிங்கத்தின் போன் வந்தது. “மாப்ள, கூஜா ஒனக்குத்தான். நாலுக்கு மூணு. கடைசி கோல் ஓல்சன் மாமா அடிச்சது.”

ஜெயசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. ரோஸ்லினிடம் சொன்னான்; பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். நர்ஸ் வந்து மருந்துச் சீட்டு கேட்டாள். சட்டைப்பைக்குள் கைவிட்டான். சீட்டோடு சேர்ந்து ஓல்சன் மாமாவும் வெளியே வந்தான்.

அட்டை இங்கே இருக்கிறது. அங்கே கோல் அடித்தது யார்? ஜெயசிங் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோற்றபோதுகூட அவனுக்கு இப்படி வலித்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவன் அட்டையை மேஜைமேல் வைத்தான். சங்கரலிங்கம் மறைக்கவில்லை. இரண்டு நிமிடம் மிச்சமிருக்கையில் தான் மூன்றுக்கு இரண்டு என்று முந்தியிருந்ததாகவும், கடிதப்படி ஓல்சனைத் தேடினால் அட்டை இல்லை என்றும் சொன்னான். பிறகு பகடையை உருட்டவே இல்லை. டீச்சரிடம் ஜெயசிங் கணக்கில் இரண்டு கோல் எழுதச் சொல்லியிருக்கிறான். அவரும் எழுதியிருக்கிறார்.

“ரோஸ்லின் அந்த நெலமைல கெடக்கா. ஒனக்கு இதாவது நல்லபடியா நடக்கட்டும்னு நெனச்சேன்டா.”

“பதினோரு வருசம் தோத்தேன்,” என்றான் ஜெயசிங். “ஒருத்தனும் எங்கிட்ட பொய் சொன்னதில்ல. அதை நீ எடுத்துட்டியே.”

கூஜாவைச் சங்கரலிங்கத்தின் பக்கம் தள்ளினான். உருட்டாத ஆட்டத்தில் நான் எப்படி ஜெயித்தவன் ஆவேன் என்று அவன் திருப்பித் தள்ளினான். மற்ற மூவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிக் கத்தினார்கள். டீச்சர் நோட்டைத் திறந்து வைத்தார். ஆட்டம் முழுவதும் நீல மையில் இருந்தது. கடைசி இரண்டு கோல் மட்டும் பென்சிலில்.

அட்டையை மறந்து எடுத்துப்போனவன் ஒருவன், இரக்கப்பட்டுப் பொய்க் கோல் கொடுத்தவன் ஒருவன், வாய் திறக்காமல் அதை எழுதியவர் ஒருவர். இதில் யார் செய்தது சரி? கூஜா யாருக்குப் போக வேண்டும்?

விடை: மூவரில் ஓரளவாவது சரியாகச் செய்தவர் டீச்சர்தான். விழுந்த பகடைக்கு மை, விழாததற்குப் பென்சில். வாயால் தடுக்காதது அவர் குற்றம். ஆனால் அழிக்க இடம் வைத்திருந்தார். ஆகவே ஆட்டம் முடியவில்லை. கூஜா அதுவரை யாருக்கும் இல்லை. பென்சிலை அழித்துவிட்டு மீதி இரண்டு நிமிடத்தை உருட்டினார்கள். போன ஞாயிறு அட்டை மேஜையில் இல்லாததால் ஜெயசிங்கின் அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆடியது. மூன்றுக்கு இரண்டு என்றே தோற்றான். கூஜாவைத் தன் கையாலேயே சங்கரலிங்கத்திடம் கொடுத்தான். ரோஸ்லினிடமும் தோற்றுவிட்டதாகவே சொன்னான். அதன் பிறகு ஜெயசிங் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. காய்ச்சலோடும் வந்து உட்காருவான்; கடிதம் எழுதி எதிராளி கையில் கொடுத்ததே இல்லை. அவனுக்கு ஆட்டத்தின்மேல் அவ்வளவு பைத்தியம் என்று மற்றவர்கள் மெச்சுவார்கள். சங்கரலிங்கம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பகடையைப் பார்ப்பான்.